டாக்டர் எஸ்தர் பார்க்காத முகம்

செய்தியைக் கொண்டுவந்தவன் எங்கள் பழைய வார்டு பாய் கோதண்டம். திருவொற்றியூரில் என் கிளினிக் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "எஸ்தரம்மா பூட்டாங்க சார்" என்றான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "யாருடா சொன்னது? நீ பார்த்தியா?" என்று கத்தினேன். "பார்த்துட்டுத்தான் சார் வரேன்" என்றவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதான். மாரடைப்பு. காலை ஜெபத்துக்கு எழுந்தவர் நாற்காலியிலேயே அடங்கிவிட்டாராம்.

அவரோடு பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவர் குழந்தைகள் வார்டு டாக்டர், நான் சோதனைக்கூடத்து டாக்டர். நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது. பாளையங்கோட்டைக்காரர். என்னை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். "நானென்ன மளிகைக் கடையா வச்சிருக்கேன்?" என்று எரிந்து விழுவேன். "உங்க மூஞ்சிக்கு அந்த மரியாதையே ஜாஸ்தி" என்பார். சோதனைக்கு ரத்த மாதிரியை அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்து மைக்ராஸ்கோப் பக்கத்தில் நிற்பார். "சீக்கிரம் பாருங்க அண்ணாச்சி, கிருமி உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது." இப்படித் தலைமேல் நின்றால் எவனுக்கு வேலை ஓடும்?

யுத்தம் முடிந்து பென்சிலின் அப்போதுதான் எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தது. ராயபுரம் பக்கம் அம்மையும் பரவியிருந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் கன்னியம்மாவின் மகன் ஏழுமலைக்குக் கடும் காய்ச்சல், கழுத்து பின்னால் இழுக்கிறது என்று அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து சொன்னாள். எஸ்தர் உடனே கிளம்பிப் போனார். குடிசை வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. கன்னியம்மா குறுக்கே நின்றுகொண்டாள்.

"ஆத்தா வந்துகீறா டாக்டரம்மா. நீ சிலுவை போட்டவ. உள்ள வராதே, கோச்சுக்குவா."

"உடம்புல என்ன இருக்கு?" என்று வாசலில் நின்றபடியே கேட்டிருக்கிறார் எஸ்தர்.

"முத்து போட்டுகீது."

முத்து என்றால் அம்மைக் கொப்புளம். அம்மை என்றால் நம்மிடம் மருந்தில்லை. வேற்று மதத்துக்காரி அவர்கள் சாமியை மதிக்கவில்லை என்ற பேச்சு வரக்கூடாது என்றும் அவருக்கு ஒரு கூச்சம். திரும்பிவிட்டார். ஏழுமலை பொழுது விடியும் முன் இறந்துபோனான்.

மறுநாள் காலை என் மேஜைக்கு வந்தார். உட்காரவில்லை. "அண்ணாச்சி, அம்மை இத்தனை வேகமாக் கொல்லுமா?" என்றார். "முத்து போட்ட மறுநாளேயா? கொல்லாது" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. அப்படியே வெளியே ஓடினார்.

அவர் குடிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் பையனை அடக்கம் செய்ய எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூலையில் அவன் தங்கை தனம் சுருண்டு கிடந்தாள். அவளுக்கும் காய்ச்சல், தொடையில் ஊதா நிறத்தில் புள்ளிகள். கொப்புளமே இல்லை, தட்டையான புள்ளிகள். எஸ்தர் விரலால் அழுத்திப் பார்த்தார். நிறம் மறையவில்லை. தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. கிருமி ரத்தத்தில் கலந்து மூளைச்சவ்வு வரை போயிருக்கிறது. அண்ணனுக்கும் இதேதான் வந்திருக்கும். அந்தப் புள்ளிகளைத்தான் கன்னியம்மா முத்து என்றாள், அந்த ஒரு சொல்லை எஸ்தர் நம்பிவிட்டார்.

கோதண்டமும் கூடப் போயிருந்தான், அவன் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். கன்னியம்மா பாய்ந்து எஸ்தரின் கையைத் தட்டிவிட்டாள். "நீ வாசப்படி ஏறுனதாலதான் ஆத்தா என் புள்ளைய எடுத்துக்கினா. இதையும் வாரிக்கினு போக வந்தியா?"

"நான் வந்ததால இல்ல தாயி. உள்ள வராமப் போனதால. நேத்தே உள்ள வந்து பார்த்திருக்கணும்லா, நான் பார்க்கல. தப்பு என்னுது."

"நேத்து பார்த்திருந்தா பொழைச்சிருப்பானா?"

இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எஸ்தர், "தெரியாது. ஒரு வழி இருந்திருக்கும்" என்றார். கன்னியம்மா, "இட்டுக்கினு போ" என்று குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். எந்த நம்பிக்கையில் கொடுத்தாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் முதுகுத் தண்டில் ஊசி போட்டு எடுத்த நீர் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். கஞ்சி மாதிரி கலங்கி வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்: ஜோடி ஜோடியாக, அவரை விதையைப் பிளந்து எதிரெதிரே வைத்த மாதிரி கிருமிகள். சல்ஃபா மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தோம். பென்சிலின் ஊசியைச் சில மணிக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருந்தோம். ஊசி குத்தாத இடம் அந்தச் சின்ன உடம்பில் பாக்கியில்லை. எஸ்தர் கட்டிலை விட்டு நகரவில்லை. நாங்கள் சண்டை போட மறந்திருந்தோம்.

தனம் பிழைத்தாள். கண் திறந்தாள், கஞ்சி குடித்தாள். கன்னியம்மா கட்டிலுக்குப் பின்னாலிருந்து, "தனம், இங்க பாரு கண்ணு" என்று கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை. எஸ்தர் ஒரு தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தார். வார்டே திடுக்கிட்டது, தனம் மட்டும் தன் பாட்டுக்குப் போர்வை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காய்ச்சலில் காது இரண்டும் போயிருந்தன. ஐயோ, அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு எஸ்தர் எந்த வீட்டு வேப்பிலையைக் கண்டும் திரும்பியதில்லை. செருப்பைக் கழற்றி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, "ஆத்தாவைக் கும்பிட்டுக்கிடுதேன், வழி விடுங்க" என்று உள்ளே போய்விடுவார். புதிதாக வரும் டாக்டர்களிடம், "பேரைக் கேட்டுட்டு வராதீங்க, தோலைப் பார்த்துட்டு வாங்க" என்பார். எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்தன. அதை நான் எடுத்துச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை மட்டும் சொன்னார்: "பொழைச்ச பிள்ளைக முகம் ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்ல அண்ணாச்சி. அந்த ஏழுமலை முகத்தை நான் பார்க்கவே இல்ல. அதுதான் தூங்க விட மாட்டேங்குது." அப்போது நான் ஏதோ சமாதானம் சொன்னேன்.

அடக்கத்துக்குக் கன்னியம்மா வந்திருந்தாள். கூடத் தனம், வளர்ந்த பெண்ணாக. கூட்டம் கலைந்த பிறகும் இருவரும் குழிமேட்டருகே நின்றார்கள். நான் பக்கத்தில் போனேன்.

"மாசம் தவறாம வூட்டுக்கு வருவாங்க சார்" என்றாள் கன்னியம்மா. "குந்திக்கினு, ஏழுமலை எப்டி இருப்பான்னு கேப்பாங்க. போட்டோ ஏது எங்க கைல? நான் வாயால சொல்லுவேன். சொன்னதையே சொன்னாலும் கேட்டுக்கினு இருப்பாங்க. எங்க வூட்டுக்காரரே அவன் பேர எடுக்க மாட்டாரு. இனிமே எம்புள்ளைய பத்திக் கேக்க ஆரு கீறா?"

நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

எஸ்தரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போனேன். கன்னியம்மா பலகையை எடுத்துப் போட்டாள். உட்கார்ந்து, ஏழுமலை எப்படி இருப்பான் என்று கேட்டேன்.

"நல்ல கருப்பு சார்" என்று ஆரம்பித்தாள். "முன்பல்லு விழுந்துகினு இருந்த நேரம். சிரிச்சா வாயப் பொத்திக்குவான்."