கஞ்சிக் கை

நான் சொல்லி என் வாழ்நாளில் ஒரே ஒரு ஜீவன்தான் கேட்டிருக்கிறது. அதுவும் கேட்காமல் இருந்திருந்தால் தேவலை. மனைவி, மக்கள், அலுவலகத்துப் பியூன், வீட்டுத் தண்ணீர்க் குழாய் என்று மற்ற எல்லாமே தங்கள் இஷ்டப்படிதான் நடந்து வந்திருக்கின்றன. அதனால் யாருக்கும் பெரிய சேதம் இல்லை. பிராணிகளைப் பழக்குவது எப்படி என்று பிற்பாடு நூலகத்தில் உட்கார்ந்து தடித் தடிப் புத்தகங்களாக வாசித்தேன். பத்து வயதில் நான் செய்தது அத்தனையும் சரி என்று அவை ஒரே குரலில் சொல்கின்றன. அவமானம் அதனால்தான் இன்னும் ஆறாமல் இருக்கிறது.

எழுபதுகளில், ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத்தறி. வாரத்தில் பாதி நாள் யாராவது ஒருவர் வீட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்ற வேண்டிய நெடுக்கு இழைகள், தெருவில் கிடக்கும். பெருக்கல் குறி போலக் கட்டிய மூங்கில் கால்களை வரிசையாக நிறுத்தி, பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அக்கம்பக்கத்தார் இரு பக்கமும் நின்று, அரிசிக் கஞ்சியில் கையை நனைத்து இழைகளுக்குப் பூசிப் பிரித்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். இன்று உன் வீட்டுக்கு நான் வந்தால் நாளை என் வீட்டுக்கு நீ. பாவு கிடக்கும்போது சைக்கிளில் வருபவர்கள்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள்.

இப்படிப்பட்ட தெருவுக்குத்தான் நான் ஒரு நாய்க்குட்டியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சாயப்பட்டறைச் சுவரோரம் கிடைத்தது. வந்த அன்றே அது தறிக்குழிக்குள் இறங்கி, மிதியை மிதித்துக்கொண்டிருந்த அப்பாவின் கால் கட்டைவிரலைச் சப்பிப் பார்த்தது. அப்பா குழியிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்ததும் நான் குட்டியை வாரி எடுத்துக்கொண்டேன்.

"கயிறு கட்டி எத்தினி நாளு காப்பாத்துவ? தெனம் எவன் வூட்டுப் பாவாவது கெடக்குது. அவுத்து வுட்டாலும் சும்மா இருக்கணும். கூப்ட்டா வரணும், உக்காருன்னா உக்காரணும். நம்ம பாவு போட்ற அன்னிக்குப் பாக்கறேன். இல்லாங்காட்டி கலசப்பாக்கம்தான்."

கலசப்பாக்கத்தில் சித்தப்பாவுக்குக் கடலைக் கொல்லை இருந்தது. காவலுக்கு என்று ஏற்கெனவே அங்கே போன ஒரு நாயைப் பற்றி விசாரித்தால் சித்தப்பா வானத்தைப் பார்ப்பார். இதைவிட விளக்கமான பதில் எனக்குத் தேவைப்படவில்லை. குட்டிக்கு நான் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்துவிட்டுப் பறிகொடுப்பது இன்னும் கஷ்டம் என்று தோன்றியது.

ஏதாவது தின்னக் கொடுத்தால் சொன்னதைச் செய்யும் என்பது வரைக்கும் எனக்கே தெரிந்தது. என் கணக்கு டியூஷனும் அந்த அடிப்படையில்தான் நடந்துகொண்டிருந்தது. எதைக் கொடுப்பது என்பதுதான் சிக்கல். முதலில் பொட்டுக்கடலை. அது முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. வீணாக்கக் கூடாதென்று நானே தின்றேன். அடுத்து டீக்கடைப் பொறை ரொட்டி. இது பிடித்திருந்தது. ஆனால் கடித்து, உதறி, மூலைக்குக் கொண்டுபோய் மென்று முடிப்பதற்குள், எதற்காகக் கிடைத்தது என்பதை அது மறந்துவிடும். கொஞ்ச நேரத்தில் நானும் மறந்துவிடுவேன். வெல்லம் கொடுத்தேன். எறும்புகள் வந்தன. குட்டியைத் தொடர்ந்து அவையும் வரிசை பிசகாமல் தறிக்குழிக்குள் இறங்கின. உள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. அன்று நான் இரவுச் சாப்பாட்டுக்கு ஆஜராகவில்லை.

சேவூரிலிருந்து வரும் வகுப்புத் தோழன் ஒருவன் கருவாடுதான் மருந்து என்றான். எங்கள் வீட்டிலோ முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை. இருந்தாலும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தில் சுற்றி அவன் தந்ததை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பலன் பிரமாதம். கூப்பிட்டாலும் வந்தது, கூப்பிடாவிட்டாலும் வந்தது. என்னைவிட்டுப் போகவே இல்லை. அது என் பேச்சைக் கேட்கவில்லை, என் பையைத்தான் கேட்டது என்று எனக்கு உறைப்பதற்குள் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"இன்னாடா, சட்டைக்குள்ள எது செத்துக் கெடக்குது?"

கிணற்றடியில் என்னைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். அக்கா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "கலசப்பாக்கம் பஸ்ல நாய்க்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டான்னு இப்பவே கேட்டு வெச்சிக்கடா. கடைசி நேரத்துல பேஜாரு" என்றாள். சீயக்காய் கண்ணில் பட்டதால் அழுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது வசதியாக இருந்தது.

எதிர்வீட்டு அத்தைதான் அறியாமலே வழி காட்டினாள். அவர்கள் வீட்டுப் பாவுக்கு வைத்த கஞ்சி மிஞ்சி, பானை அடியில் குழைந்த சாதத் திப்பியாக இருந்தது. மாட்டுத் தொட்டியில் கொட்டப் போனவளை மடக்கி வாங்கினேன். விரல் நுனியில் தொட்டு நீட்டினேன். ஒரே நக்கு. மெல்ல வேண்டியதில்லை, மூலைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, எறும்பு வராது, சைவம். நக்கி முடித்த அடுத்த நொடி, 'அப்புறம்?' என்று என் முகத்தைப் பார்த்தது. மறுபடி தொட்டு நீட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பின்கட்டில் பாடம். கஞ்சி தொட்ட கையை நீட்டி "வா" என்பேன், வரும். "உக்காரு" என்பேன், உட்கார்ந்து கையையே பார்க்கும். காலை வேளைகளில் அதைப் பின்கட்டிலேயே கட்டிவைத்திருந்ததால் தெருவில் பாவு போடுவதை அது ஒரு நாளும் கண்டதில்லை. இது ஒரு குறை என்று எனக்குத் தோன்றவில்லை. வந்து உட்காரத் தெரிந்த நாய்க்கு உலகத்தில் வேறு என்ன தெரிய வேண்டும்?

எங்கள் முறை வந்தது. முகூர்த்தப் புடவைகளுக்கான அரக்கு நிறப் பாவு. நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் பட்டு முதலாளியுடையது. அப்பா விடியற்காலையிலேயே மூங்கில் கால்களை நிறுத்தி முடித்துவிட்டார். நான் குட்டியை அவிழ்த்து வாசற்படியில் உட்காரவைத்தேன். தெரு நீளத்துக்கு இழைகள் ஏறின. அத்தை, மாமா, பக்கத்துத் தெரு ஆட்கள் என்று எல்லோரும் இரு பக்கமும் நின்றார்கள். கஞ்சிப் பாத்திரங்கள் வந்தன. எல்லோரும் கையை நனைத்துப் பாவை நோக்கி நீட்டினார்கள்.

குட்டியின் காது நிமிர்ந்ததை நான் பார்த்தேன். இதுவரை ஒரே ஒரு கைதான் அதைக் கூப்பிட்டிருக்கிறது. இப்போது தெருவே கூப்பிடுகிறது.

அது இறங்கி, பாவுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனது. நான் இந்தப் பக்கமாகவே கூடப் போனேன். அது நேராக எதிர்வீட்டு அத்தையிடம் போய் எதிரில் உட்கார்ந்து, அவள் கையைப் பார்த்தது.

"அய்ய, இது இன்னா, பந்திக்கு வந்தா மாரி உக்காந்துகினு கீது!" என்றாள் அத்தை. அவளிடம் ஒன்றும் பெயரவில்லை என்றதும் அடுத்தவரிடம் போய் உட்கார்ந்தது. பிறகு அதற்கடுத்தவர். இழை எதையும் அது தொடவில்லை. கோயில் வாசலில் கையேந்துபவர்களின் மரியாதையோடு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனது. ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"வுடுங்க, ஒண்ணும் பண்ணல. யாரும் சத்தம் போடாதீங்க" என்றார் அப்பா, நிமிராமல்.

யாரும் போடவில்லை, என்னைத் தவிர. பாவுக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான். இன்னும் ஒரு நிமிஷம் போனால் கலசப்பாக்கம்தான் என்று மண்டைக்குள் பஸ் உறுமியது. பக்கத்துப் பாத்திரத்தில் கையை முக்கினேன். பாவுக்கு மேலாகக் கையை நீட்டி, தொண்டை கிழிய "வா!" என்றேன்.

வந்தது. இத்தனை நாள் பாடத்தில் அவ்வளவு வேகமாக அது வந்ததே இல்லை. என் கை பாவுக்கு மேலே இருந்ததால் அதுவும் பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் பட்டின் மேல் ஊன்றியது. பயந்து கையை இழுத்தேன். அது கையைத் தொடர்ந்து எம்பியது. இழைகள் அறுந்த சத்தம் மிகவும் மெல்லியது. வெங்காயச் சருகை நசுக்கினால் கேட்கும், அவ்வளவுதான். தெரு முழுவதும் அது கேட்டது.

அப்பா குனிந்து முதல் முடிச்சைப் போட்டார். "ஜல்தி, வெயில் ஏறுது" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அறுந்த முனைகளைத் தேடித் தேடி முடிச்சுப் போட்டார்கள். நான் குட்டியை இழுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டில் உட்கார்ந்தேன். அது என் விரலில் மிச்சமிருந்த கஞ்சியை நக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தயாராக உட்கார்ந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கலசப்பாக்கத்துக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாவைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு அப்பா பின்கட்டுக்கு வந்தார். கை கழுவவில்லை. குட்டி எழுந்து போய் அவர் எதிரில் உட்கார்ந்து கையைப் பார்த்தது. அப்பா கஞ்சி ஒட்டிய ஒரு விரலை நீட்டினார். கடைசிச் சாப்பாடு போடுகிறார் என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னதைக் கேட்டதும் வாய்விட்டே அழுதேன். சமையலறையிலிருந்து அக்காவும் அம்மாவும் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று புரியவில்லை. வழக்கு முடிந்து நாய் விடுதலையாகிவிட்டது என்பதும் புரியவில்லை. அவர் சொன்னதில் எனக்குக் கேட்டதெல்லாம் 'கட்டிப் போடு' ஒன்றுதான்; கலசப்பாக்கத்துக்குக் கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாயி சொன்னபடிதான் கேக்குது. அடுத்த பாவுக்கு அத்த அவுத்து வுட்டுட்டு, இவன கட்டிப் போடு."