இஸ்பசாரின் ரத்துப் பயணங்கள்

என் அக்கா கணவர் இஸ்பசாரின் போனில் அந்த டாக்சி செயலியைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அதனால் இந்தக் கதையில் தலைகுனிவும் எனக்குத்தான்.

பத்தொன்பது வருடம் எண்ணெய் வயலில் இருந்தார். பதினைந்து நாள் வயல், பதினைந்து நாள் வீடு. கிணற்றுக்குக் கிணறு நடந்து அழுத்தம் பார்த்து எழுதுவது வேலை. கிணறுகளே தங்கள் அளவை அலுவலகத்துக்கு அனுப்பும் கருவிகள் வந்ததும் மூன்றில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தானும் வந்து சேர்ந்தார்.

அப்போது எங்கள் கசாக் எண்ணெய் நகரமான அதிராவ் முழுக்க ஒரே பேச்சு: எண்ணெயை மட்டும் நம்பினால் நாடு தேறாது, இனி எல்லாம் டிஜிட்டல். அதற்கென்று ஒரு பயிற்சிக்கூடம் கட்டினார்கள். எண்ணெய்க் காசில்தான், வேறு காசு ஏது? அங்கே நான் பயிற்சியாளன். அத்தானுக்கு இரண்டு வாரம் பாடம் எடுத்து, சான்றிதழ் கொடுத்து, அவருடைய பழைய காரைச் செயலியில் சேர்த்துவிட்டேன். அதன்பின் அக்கா வீட்டில் அடுப்பெரிந்தது அந்தக் காரால்தான்.

வண்டியில் ஏறியவரிடம், யார் வீட்டுப் பிள்ளை, எந்த வம்சம் என்று ஆரம்பிப்பார். கசாக்குகள் எல்லோரும் கேட்பதுதான். ஜாயிக் ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு கொள்ளுத்தாத்தா வழியில் உறவு வந்துவிடும். உறவுக்காரரிடம் கூலி வாங்குவதா? செயலியில் பயணத்தை ரத்து செய்துவிட்டு, இறங்கும் இடம்வரை சும்மா கொண்டுபோய் விடுவார். சாவு வீட்டுக்குப் போகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

"இப்படியே போனா ஊர்ல ஒருத்தன்கிட்டயும் காசு வாங்க முடியாது அத்தான்."

"உன்கிட்ட வாங்கிக்கிறேன் வாடா. உங்கக்காவக் கட்டுன பாவத்துக்கு வந்து ஒட்டிக்கிட்டவன்தான நீ!"

டிசம்பரில் செயலி அவரை முடக்கியது. ரத்து செய்த பிறகும் வண்டி அதே வழியில் ஓடியிருக்கிறது. ஆகவே நிறுவனத்துக்குத் தெரியாமல் கையில் காசு வாங்கியிருக்கிறார் என்று தீர்ப்பு. சும்மா ஏற்றிப்போகும் மனிதன் ஒருவன் இருப்பான் என்று அதை உருவாக்கிய புத்திசாலிகளுக்குத் தோன்றவே இல்லை.

அத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தார். ஏற்றிப்போன ஒவ்வொருவரும் எந்த வகையில் உறவு என்று மூன்று பக்கம் எழுதி, அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். கடிதம் அனுப்பச் செயலியில் இடமே இல்லை. இருந்தது ஒரே ஒரு கட்டம்: 'கையில் காசு வாங்கியதை ஒப்புக்கொள்கிறேன், இனிச் செய்யமாட்டேன்.' அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அத்தானிடம் சொல்லாமல் அந்தக் கட்டத்தில் குறியிட்டேன்.

மறுநாளே கணக்கு திறந்தது.

"பாத்தியா! எவனோ உக்காந்து படிச்சிருக்கான்டா. மெஷினுக்குள்ளயும் மனுசன் இருக்கான்!"

அக்காவை ஆட்டுக்கறி வேகவைக்கச் சொன்னார். நானும் உட்கார்ந்து கறியைத் தின்றேன். கோழை.

தன் நியாயத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்ற நம்பிக்கையில் அவர் முன்னைவிடத் தாராளமாக ரத்து செய்தார். பிப்ரவரியில், வயலில் அவரோடு வேலை பார்த்த துலேகெனின் மனைவி இறந்துபோனாள். மகன்கள் கல்லறைக்குப் போகச் செயலியில் வண்டி கூப்பிட, வந்து நின்றது இவர் கார். வழக்கம்போல ரத்து செய்துவிட்டுச் சும்மா ஏற்றிப்போனார். அன்று மாலை நிரந்தரத் தடை. காரணமும் போட்டிருந்தது: முன்பு ஒப்புக்கொண்ட குற்றத்தை மீண்டும் செய்தது. ஒப்புக்கொண்ட தேதி, நேரம் எல்லாம் இருந்தன.

அத்தான் இரண்டு முறை படித்தார். போனை என் முன்னால் வைத்தார்.

"இது நீயா?"

"அக்கா மொகத்தப் பாக்க முடியல அத்தான்..."

"பொழப்பு போனா போவுது, வேற பாக்கலாம். ஒறவுக்காரன்கிட்ட நான் காசு வாங்குனேன்னு எழுதிக் குடுத்துட்டியேடா."

இப்போது சந்தையில் மூட்டை இறக்குகிறார். நான் போனால் வேலையை நிறுத்திவிட்டு, "வாங்க, டீ குடிங்க" என்கிறார். இருபது வருடத்தில் அத்தான் என்னை ஒருநாளும் இப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.