புரொஜெக்டரின் இரைச்சலைக் குறைத்தேன்

கழுத்தில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் கணவருக்குக் குரல் போய்விட்டிருந்தது. காதருகே குனிந்தால் மட்டும் காற்றோடு கலந்து வார்த்தை வரும். கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷம் ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற மனிதர். லாரிச் சத்தத்துக்கு மேலே பேசியே பழகியவர். எழுதிக் காட்டட்டும் என்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் மூடி வைத்துவிட்டார்.

"பொண்டாட்டிக்கு லெட்டர் போடணுமா?" என்றார், அந்தக் காற்றுக் குரலில்.

கடைக்குப் போவது நின்றதும் மத்தியானங்களில் படம் பார்க்க ஆரம்பித்தோம். தம்பானூரில் ஒரு லாட்ஜை மூடியபோது அதன் மீட்டிங் ஹாலிலிருந்து அவர் வாங்கி வந்த பழைய புரொஜெக்டர் ஒன்று இருந்தது. முன்னறையின் வெள்ளைச் சுவர்தான் திரை. படம் நன்றாகவே விழும். ஆனால் உள்ளிருக்கும் விசிறி இரைகிற இரைச்சலில் அவர் சொல்வது எதுவும் எனக்குக் கேட்காது. படம் ஓடும்போது பேசாமல் இருக்க அவருக்குத் தெரியாது. உதடு அசைந்தால் நான் சும்மா சிரித்து வைப்பேன். ஒருநாள் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். "பழைய மெஷினல்லே சேச்சி, சத்தம் இருக்கும். புதுசு வாங்குங்க" என்றார். இவர் கையை அசைத்தார். "நல்லா ஓடுத மெஷினை எதுக்குக் களையணும்?"

நானே பிரித்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து விரலால் காட்டினார். பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியபிறகு பக்கத்து மூடியைத் திறந்தால், காற்றை வடிகட்டும் பஞ்சில் தூசி கம்பளிபோல் படர்ந்திருந்தது. அதைக் கழுவி ஒருநாள் முழுக்க நிழலில் உலர்த்தினேன். விசிறி இறக்கைகளைப் பெயின்ட் பிரஷால் துடைத்தேன். நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நெம்பி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். அடியில் நான்கு ரப்பர் வாஷர் வைத்தேன். பாதிச் சத்தம் போயிற்று. மீதியையும் அடக்கிவிடலாம் என்ற ஆசையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஓட்டினேன். கால் மணி நேரத்தில் சூடேறி, சிவப்பு விளக்கு மினுங்கித் தானே அணைந்துவிட்டது. அவர் தோள் குலுங்கச் சிரித்தார். நோய் வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெங்களூரில் இருக்கும் மகள்தான் போனில் வழி சொன்னாள். ரிமோட்டில் விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தால் சூடு குறையும், விசிறியும் மெதுவாகச் சுற்றும். ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட்டு, வெளிச்சத்தைக் குறைத்தேன். மெஷின் அடங்கியது. பக்கத்து நாற்காலியில் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

மூன்று நாள் பேசிக்கொண்டே படம் பார்த்தோம். நான்காம் நாள், படத்தின் நடுவே, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"மதி, கேட்டியா. இனி ஆஸ்பத்திரிக்குப் போவாண்டாம். இங்கயே இருந்துக்கிடுதேன்."

மதி என்றால் போதும். சோறு போடும்போது கையை மறித்து தினமும் சொல்கிற சொல். திங்கட்கிழமை மருந்து ஏற்ற நாள் குறித்திருந்தது.

நான் ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தை முழுசாகக் கூட்டினேன். விசிறி மறுபடி இரையத் தொடங்கியது. "என்ன சொன்னீங்க? கேக்கல்ல" என்றேன்.

அவர் என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மறுபடி சொல்லவில்லை. நோட்டையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆட்டோ வந்ததும் சட்டையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். மூன்றாவது தடவை மருந்து ஏற்றியபிறகு காய்ச்சல் விடவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் என்னை உள்ளே விடுவார்கள். வாயில் குழாய். அதைப் பிடுங்கிவிடுகிறார் என்று ஒரு கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். நான் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பன்னிரண்டாம் நாள் காலை, கதவு திறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து கிளம்பும் அன்று மகள் கேட்டாள். "அப்பா கடைசியா ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"ஒண்ணும் சொல்லல்ல மக்கா" என்றேன்.

போன மாதம் அவள் வந்திருந்தபோதுதான் நடந்ததைச் சொன்னேன். "நீ கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா நான் உங்கிட்ட சண்டை போட்டிருப்பேன்" என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் அவர் அதை அவளிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார்.