அக்கா புடவை, தங்கை முகம்

என் வீட்டுக்காரர் கல்யாண போட்டோ எடுப்பவர். தொழில் வட்டாரத்தில் அவருக்கு ‘சரிங்க’ என்று பட்டப்பெயர். யார் என்ன குறை சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். “என் மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு?” என்றால் “சரிங்க” என்பார். “எங்க மாமா ஒரு படத்துலகூட இல்லையே” என்றால் அதற்கும் “சரிங்க” என்பார். அந்த மாமா சாப்பிட மட்டும் வந்து, கை கழுவிய கையோடு கிளம்பிப் போனவராக இருப்பார். அவரை எங்கே போய் எடுப்பது? அதைச் சொல்ல மாட்டார் இந்த மனுஷன். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கோபமாக வருகிறவர்களுக்கு அவரிடம் ஒரு வைத்தியம் உண்டு. மாடிப்படி ஏறி வந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் உட்கார வைப்பார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். பிறகு ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, “இது யாருங்க?” என்று கேட்பார். வந்தவர் சொல்ல ஆரம்பிப்பார். இது அண்ணன், இது அண்ணன் பொண்ணு, இவன் சின்னதில் செய்யாத சேட்டை இல்லை என்று கதை நீளும். பன்னிரண்டாம் பக்கம் வருவதற்குள் எதற்கு வந்தோம் என்பதே மறந்து போயிருக்கும். இருபது வருஷமாக இது தோற்று நான் பார்த்ததில்லை.

என் வேலை கம்ப்யூட்டர் முன்னால். பதினாலு பேரை ஒன்றாக நிற்க வைத்து எடுத்தால் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார், ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். அதனால் அவர் ஒரே படத்தை ஆறு தடவை எடுப்பார். நான் நாலாவதில் நன்றாக இருக்கும் தலையை எடுத்து இரண்டாவதில் இருக்கும் உடம்பின் மேல் வைப்பேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான் தலை மாற்றியிருக்கிறேன், அவர்களுக்கே தெரியாது. இதில் என் வீட்டுக்காரர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: “கண்ணை மாத்து, தலையை மாத்து. ஆளை மாத்தாதே.” ஆளை மாற்ற நான் என்ன பைத்தியமா என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடையைக் கூட்டிக்கூட முடிக்கவில்லை, ஒரு மணப்பெண்ணின் அம்மா ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். நாற்காலியைக் காட்டினோம், உட்காரவில்லை. தண்ணீரைத் தொடவில்லை. நேராகப் பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தார். மேடையில் எடுத்த குடும்பப் படம்.

“இது யாரு?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்வியை அவரே கேட்டுவிட்டதில் மனுஷன் திக்குமுக்காடிப் போனார். நான்தான் என் மேஜையிலிருந்து, “என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான்” என்றேன்.

“நானா? எனக்கு எங்கேம்மா இந்தச் சந்துப் பல்லு?”

என்னிடம் வந்து வாயைத் திறந்து காட்டினார். முன்பற்கள் வரிசையாக, நெருக்கமாக இருந்தன. சந்தும் இல்லை, இடைவெளியும் இல்லை. ஆல்பத்தில் சிரித்துக்கொண்டிருந்த முகத்திலோ, இரண்டு முன்பல்லுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும்.

“அது என் தங்கச்சி. என் புடவை, என் நகை, என் உடம்பு. தலை மட்டும் அவளோடது.”

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து நானூறு படங்களில் அந்த அம்மா ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை. நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை, யாரையும் நேரில் பார்த்ததில்லை. தேடித் தேடிக் கண் பூத்துப்போய், கடைசியில் சாப்பாட்டு ஹாலில் எடுத்த ஒரு படத்தில் அதே முகம் வாய் நிறையச் சிரிப்பதைக் கண்டுபிடித்தேன். புடவை வேறாக இருந்தது. அப்பாடா, சாப்பிட வரும்போது மாற்றிக் கட்டியிருக்கிறார் என்று நினைத்து, அந்தத் தலையை எடுத்து வைத்துவிட்டேன். அன்று என் வேலையை நானே மெச்சிக்கொண்டதுதான் இப்போது நினைத்தால் வெட்கம்.

இதில் கொடுமை என்னவென்றால், பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைத்தான் புகழ்ந்தார்களாம். “உங்க சிரிப்பு இவ்வளவு அழகுன்னு இத்தனை நாள் தெரியாம போச்சே” என்று சம்பந்தியம்மா சொன்னாராம். அந்த அம்மாவின் வீட்டுக்காரர், முப்பது வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷர், “நீ இதுலதான் லட்சணமா இருக்கே” என்றாராம். அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவும் தங்கையும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறதாம். காரணம், அவர்கள் அம்மா விட்டுப்போன தையல் மெஷின். தங்கைக்குத் தைக்கத் தெரியும். அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. ஆனால் மெஷின் அக்கா வீட்டில், டிவி வைக்கும் ஸ்டாண்டாக நிற்கிறது. தங்கை இந்தக் கல்யாணத்துக்கு வந்தாள், சாப்பிட்டாள், மேடை ஏறாமலே போய்விட்டாள்.

“தம்பி, என் பொண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளிக்கிழமை ஃபிளைட் ஏறுறாங்க. இனி எப்போ வருவாளோ. அங்க என்னைப் பார்க்கணும்னு தோணினா இந்தப் பக்கத்தைத்தான் திறப்பா. அதுல நான் இருக்கணும். சிரிச்ச முகமா இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு” என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அதுவரை அவர்மேல் இருந்த எரிச்சல் எனக்கு அப்படியே வடிந்துபோனது.

“சரிங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

மேடையில் எடுத்த ஆறு படங்களையும் மறுபடி திறந்து பார்த்தோம். ஆறிலும் அந்த அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் இடப்பக்கம் கீழே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டுவதற்கு அதில் ஒன்றும் தேறாது. சரி, இப்போது ஒரு சிரிப்பை எடுத்து அங்கே வைத்துவிடலாம் என்று உள்ளறைக்குக் கூட்டிப்போனோம். கால் பங்கு இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பலகை மேடை, பின்னால் சாம்பல் நிறத் திரை, இரண்டு பக்கமும் லைட்.

“சிரிங்கம்மா.”

பல் டாக்டருக்குக் காட்டுவது போல ஈ என்று காட்டினார். “கொஞ்சம் இயல்பா” என்றதும் வாயை மூடிக்கொண்டு கண்ணை மட்டும் அகல விரித்தார். அதற்கு ஈ என்றதே தேவலாம். என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஒரே ஜோக்கைச் சொன்னார். அந்த அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்புறம் என்ன ஆச்சு?” என்றார். பதினேழு படம் எடுத்தும் ஒன்றும் உருப்படவில்லை. “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு மனுஷன் ஃபோனோடு பால்கனிக்குப் போனார்.

அரை மணி நேரம் கழித்துப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் ஆல்பத்தில் இருந்த முகம், சந்துப் பல்லோடு நேரில் நிற்கிறது. சாப்பாட்டு ஹாலில் எடுத்த படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லி அன்றே தன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள் தங்கை. இவர் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

“எதுக்குங்க இந்த வேலை?” என்று பல்லைக் கடித்தேன்.

“அவங்க முகத்தை அவங்களைக் கேக்காம எடுத்துட்டோம். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?” என்றார். இந்த ஊமைக் குசும்பு எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே எல்லாரும் இவரைப் பரம சாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

தங்கை பத்தொன்பதாம் பக்கத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தாள்.

“இவங்ககிட்ட சொல்லுங்க,” என்றாள் என்னிடம், அக்காவைக் காட்டி, “என் முகம் இவங்களுக்கு நல்லாத்தான் பொருந்தியிருக்குன்னு.”

“இவகிட்ட சொல்லும்மா,” என்றார் அக்கா, “பல்லுச் சந்து மட்டும் பொருந்தலைன்னு.”

“அந்தச் சந்து யாரால வந்துச்சு? ஊஞ்சல்ல இருந்து தள்ளி விட்டது யாரு?”

“நீ எதுக்குடி எழுந்து நின்னே?”

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு இது. இரண்டு பேருக்கும் அது உறைத்துவிட்டது போல, சட்டென்று நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் சும்மா இருந்திருக்கலாம். என் பக்கம் திரும்பினார்கள்.

“ஏம்மா, எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியலையா உனக்கு?”

“அதானே! அவ மூக்கு எங்க, என் மூக்கு எங்க?”

“கண்ணை எங்க வெச்சிருந்தே?”

இதுவரை பொறுத்ததே பெரிசு. எனக்கும் வாய் இருக்கிறது. “பார்த்தேம்மா, நல்லாப் பார்த்தேன்! ரெண்டும் ஒரே மூக்குதான்! வேணும்னா ஸ்கேல் கொண்டு வரேன், அளந்து பாருங்க! முப்பது வருஷம் கூட இருந்த உங்க வீட்டுக்காரருக்கே தெரியல, என்னைப் பிடிச்சு உலுக்கறீங்களே!”

தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். “அத்தான் சொல்லலையா?” என்று கேட்டாள். “லட்சணமா இருக்குன்னு சொன்னாருடி” என்று சொல்லிவிட்டு அக்காவும் அடக்க முடியாமல் சிரித்தார். பக்கத்தில் க்ளிக் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர். நேர்ப் பார்வை, நல்ல வெளிச்சம், அருமையான சிரிப்பு. தலை கிடைத்துவிட்டது, இனி பத்து நிமிஷ வேலை என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அப்போது தங்கை கேட்டாள். “உன் பொண்ணு கல்யாணத்துல எதுக்குக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருந்தே?”

அக்கா ஆல்பத்தை மூடி வைத்தார்.

“நீ கீழே முதல் வரிசையில, பையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தே. இப்போ வருவே, இப்போ வருவேன்னு உன்னையே பார்த்துட்டிருந்தேன். நீ வரல.”

“எல்லாரையும் மைக்ல கூப்பிட்டீங்க. என்னைக் கூப்பிடல.”

“கூடப் பிறந்தவளை மைக்ல கூப்பிடணுமாடி?”

“மைக்ல வேண்டாம். வாயால கூப்பிட்டிருக்கலாமே.”

நான் உடனே, “அம்மா, அந்த மேடைப் படத்துல ஓரத்துல இடம் இருக்கு, நான் இவங்களையும் சேர்த்து நிறுத்திடறேன்” என்றேன்.

“வேண்டாம்,” என்றார் என் வீட்டுக்காரர். “வராதவங்களை வந்த மாதிரி பண்ண வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. அதே புடவை, அதே நகை.” எதிரில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் உத்தரவு போட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் பதினாலு பேர் கல்யாணக் கோலத்தில் எங்கள் மாடிப்படி ஏறினார்கள். கீழ்க்கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். உள்ளறையில் மூச்சு விட இடமில்லை. மாப்பிள்ளை கோட்டுக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பாவைப் பார்த்து, “சார், உங்க வீட்டம்மா பக்கத்துல நில்லுங்க” என்றேன். சும்மா சொல்லக் கூடாது, அவர் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் போய் நின்றார்.

எல்லாரும் பலகை மேல் ஏறியாயிற்று. தங்கை மட்டும் வாசல் பக்கத்தில், எல்லாருடைய கைப்பைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் காலால் என் காலை மிதித்தார். மூடிக்கொண்டேன்.

அவர் கேமராவில் கண்ணை வைத்தார். எடுக்கவில்லை. லென்ஸைத் துடைத்தார். லைட்டை அரை அடி நகர்த்தினார், மறுபடி அதே இடத்துக்குக் கொண்டு வந்தார். “சார், சீக்கிரம்” என்றது கல்யாணப் பெண். “வெளிச்சம் சரியில்லம்மா” என்றார். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு முதலில் இறுகியது. பிறகு துடித்தது.

“என்னடி அங்கேயே நிக்கறே? வா. வந்து நில்லு.”

“கையில பை இருக்குக்கா.”

“பையோட வா!”

தங்கை ஓரத்தில் போய் நிற்கத்தான் பார்த்தாள். அக்கா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் இரண்டு பேராலும் அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் அப்போதுதான் எடுக்க ஆரம்பித்தார், விடாமல் ஒன்பது படம்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒன்பதிலும் அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். மூக்கு சிவந்து, வாய் கோணி, தலைமுடி கலைந்து, சிரிப்பு என்று மருந்துக்குக்கூட இல்லை. தங்கை கையில் நாலு பையோடு ஒரு கண்ணை மூடியிருந்தாள். வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டிய படம் இது. இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கவலைப்படாதீங்கம்மா,” என்றேன். “நேத்து சிரிச்சீங்களே, அது கைவசம் இருக்கு. அச்சாப் பொருந்தும். உங்க தலைதான், சத்தியமா உங்களோடதுதான். இப்போ மாத்திடறேன்.”

“என் கண்ணையும் கொஞ்சம் திறந்து விட்டுடும்மா” என்றாள் தங்கை.

அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்து, அழுகிற தன் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

“அவ கண்ணு மூடியே இருக்கட்டும். என் பொண்ணு அங்க போய் இதைத் திறந்து பார்க்கட்டும். இது நான். இதுல கை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.