படித்துப் பரிசீலித்தேன்

நான் சொன்னது பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவ்வளவு பக்குவமாகச் சொன்ன பொய் அது.

அப்போது நான் உரிமம் கொடுக்கும் ஓர் அரசுத் துறையில் வேலை பார்த்தேன். லிட்டில் இந்தியாவில் ஐந்தடி நடைபாதையோரம் மாமாக் கடை வைத்திருந்த ஒரு பாயின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்திருந்தோம். வழியை அடைக்கிறார் என்று புகார். பத்திரிகை, வெற்றிலை, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் விற்கிற கடை. வேறு பிழைப்பு அவருக்கு இல்லை. மறுபடி பார்க்கச் சொல்லி நான்கு பக்கம் தமிழில் கையால் எழுதி அனுப்பினார்.

என் மேலதிகாரி சீனர். உனக்குத்தான் தமிழ் தெரியுமே, படித்துச் சொல் என்று கோப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். புக்கிட் பாஞ்சாங்கில் மகளின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு வேறு. கடிதத்தின் மேலே 786, அதற்குக் கீழே ‘மதிப்பிற்குரிய ஐயா’. அதோடு நிறுத்திக்கொண்டேன். இந்த மாதிரிக் கடிதங்களில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வயது, நோய், பிள்ளைகுட்டி. புதிய விவரம் ஏதும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியை நம்பி மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

பாய் விடவில்லை. காசு வாங்காத ஒரு வக்கீலைப் பிடித்து, உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கும் உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்துவிட்டார்.

வழக்கு என்று ஆன பிறகுதான் கடிதத்தைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட வரைபடம் இருந்தது. அலமாரியைப் பாதியாகக் குறைத்துச் சுவரோடு ஒட்டிவிட்டால் சக்கர நாற்காலியே போகலாம் என்று அடிக்கணக்கு போட்டுக் காட்டியிருந்தார். புகாருக்குப் பதில் அங்கேயே இருந்தது.

அரசாங்கம் முடிவெடுக்கும், நீதிமன்றம் தட்டிக் கேட்கும் என்று மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். தட்டிக் கேட்பதற்கும் எல்லை உண்டு என்பது பாடத்தில் இல்லை. முடிவு நல்லதா கெட்டதா என்று நீதிபதி பார்ப்பதில்லை, அது துறையின் பொறுப்பு. முறையாக எடுத்தார்களா, அந்த மனிதர் சொன்னதைக் காதில் வாங்கினார்களா என்றுதான் பார்ப்பார். அதையும் என் மாதிரி ஆள் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திடும் தாளை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்.

அரசு வக்கீல் கேட்டபோது கடிதத்தைப் படித்தேன் என்றேன். படித்துத்தானே இருந்தேன்! எப்போது என்று அவர் கேட்கவில்லை. ‘மனுதாரரின் கடிதத்தைப் படித்துப் பரிசீலித்தேன்’ என்ற வரி பிரமாணப் பத்திரத்தில் ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான்கு பக்கக் கடிதத்தை ஒரு வரியில் மறைக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தால் நீதிமன்றம் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கும், நாங்களும் மறுபடி பார்த்திருப்போம். குடி ஒன்றும் முழுகியிருக்காது. என் பெயர் கெட்டிருக்கும், அதற்குத்தான் பயந்தேன்.

தீர்ப்பு நாளன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி கடிதத்தைப் பரிசீலித்திருக்கிறார், துறையின் இடத்தில் நீதிமன்றம் உட்கார்ந்து முடிவெடுக்க முடியாது என்று சொல்லி நீதிபதி மனுவைத் தள்ளினார். அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார்.

வெளியே லிஃப்ட்டுக்கு நிற்கும்போது பாய் என்னிடம் வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு, பட்டனைக் கழுத்து வரை மாட்டியிருந்தார்.

“தங்கச்சி, நீங்கதானே என் லெட்டரைப் படிச்ச ஆபீசர்?”

“ஆமா பாய்.”

“மூணு நாள் உக்காந்து எழுதினேன்மா. படிக்காமலே தூக்கிப் போட்டுட்டாங்கன்னு மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு. அதைக் கேக்கத்தான் கோர்ட்டுக்கே வந்தேன். நீங்க படிச்சுட்டுத்தான் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. அப்ப சரி லா. லாயர் அப்பீல் போகலாங்குறாரு. வேணாம்னுட்டேன்.”

மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் திரும்பி வக்கீலிடம் போயிருப்பார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது.

“அந்தப் படத்தை ரொம்ப நல்லா போட்டிருந்தீங்க பாய்” என்றேன்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். “மூணாம் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கீங்களே” என்று சொல்லி, கதவு மூடிவிடாமல் எனக்காகக் கையால் பிடித்துக்கொண்டார்.