காசநோய் நாடகம் கேட்டீர்களா?

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலையில் பாதி நேரம் நாம்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்போம். அந்தப் பாடு பட்டவர்களுக்கு இது புரியும். ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூர் வானொலியில் வாராவாரம் காசநோய் பற்றி ஒரு தமிழ் நாடகம் வந்தது. ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணிக்கு இருமல். வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கிறார். இதைக் கேட்டு ஜனங்களுக்கு ஏதாவது தெரிந்ததா, எக்ஸ்ரே எடுக்கப் போகிறார்களா என்று விசாரிப்பது என் வேலை. நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் சிராங்கூன் ரோடு வட்டாரத்தில் எனக்கும், நர்ஸைக் கூப்பிடுவதுபோல, ‘மிஸ்ஸி’ என்றுதான் பேர்.

யாரால் வந்தது?

பஃபலோ ரோட்டில் ஒரு மாடி அறையில் சரோஜா அக்கா இருந்தார். நாடக நேரத்தில் அக்கம்பக்கம் மொத்தமும் அவர் ரேடியோ முன்னால்தான். எனக்கு முழுக் கதையையும் குரல் மாற்றி மாற்றி நடித்தே காட்டினார். ஆசையோடு கேட்டேன், “காசநோய் எதனாலக்கா வருது?”

“இதக் கேக்கணுமா மிஸ்ஸி? அந்தக் கிராணியோட மாமியாக்காரி படுத்துற பாட்டுலதான்!”

எல்லாம் தெரிந்தவர்

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வீராசாமி அண்ணன். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். இருமலில் பரவும், மருந்து உண்டு, குணமாகும் என்று எல்லாவற்றுக்கும் சரியான பதில். நடுநடுவே இருமினார், நாடகத்தில் சொன்னபடியே வாயைத் துண்டால் மூடிக்கொண்டு. எனக்குச் சந்தோஷம் போய்ப் பயம் வந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தாரா என்று கேட்டேன். அடுப்படியில் பாத்திரம் கழுவிய அவர் மனைவி எட்டிப் பார்த்தார், அண்ணன் துண்டை எடுத்துவிட்டுச் சொன்னார்:

“கிராணி எக்ஸ்ரே எடுத்தாரு, மறுநாளே வேலை போச்சு. அதையும் கேட்டேன்ல மிஸ்ஸி.”

எந்த வாரம்?

அண்ணன் சொன்னதை ஆபீசில் சொன்னேன். அழவைக்கத்தான் அப்படி எழுதினேன் என்று முணுமுணுத்த நாடக எழுத்தாளர், கதையில் கிராணிக்கு வேலையைத் திரும்பக் கொடுத்தார். என்னால் அதோடு சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணன் வீட்டு வாசலில் நின்று விசாரித்தேன். ஒருநாள் எக்ஸ்ரே வண்டி முன்னால் வரிசையில் அவரும் மனைவியும் நின்றார்கள். படத்தில் நிழல் தெரிந்தது, நல்லவேளை, ஆரம்பம்தான். ஊசி, மாத்திரை என்று பல மாதம் அவதிப்பட்டார். தேறியதும் துறைமுகத்திலேயே லேசான வேலை கிடைத்தது. அப்புறம்தான் கேட்டேன், எந்த வாரத்து நாடகம் அவரைப் போக வைத்தது என்று.

“சரோஜாக்கா ரேடியோ கெட்டு ரொம்ப நாளாச்சு மிஸ்ஸி. போகலன்னா நீங்க வந்து வந்து நிப்பீங்களேன்னு போனேன் லா!”

இவரை ‘நாடகத்தால் பயனடைந்தவர்’களில் சேர்ப்பதா, ‘தொந்தரவு தாங்காமல் போனவர்’களில் சேர்ப்பதா என்று ஆபீசில் கேட்டேன், இரண்டாவதாக ஒரு வகையே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.