மேனேஜருக்கு விட்டுக்கொடுத்த அலைகள்

துபாயில் அலை வேண்டுமென்றால் குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து காற்று அடிக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் ஜுமைரா கடல் குளம்போலத்தான் கிடக்கும். காற்றடித்த மறுநாள் லீவு நாளான வெள்ளிக்கிழமையாகவும் அமைந்துவிட்டால், ஊரில் அலைச்சறுக்குப் பலகை வைத்திருக்கும் அத்தனை பேரும் அந்த ஒரு துண்டுக் கடற்கரையில்தான் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நானும், என் ரூமில் இருந்த ராமநாதபுரத்து அண்ணனும் உண்டு. எங்கள் இருவருக்கும் ஒரே பலகை. அண்ணன் மெயின்டனன்ஸ் வேலை பார்த்த வில்லாவில் வேண்டாமென்று குப்பையோரம் சாத்தி வைத்தது. அவருக்கு மூன்று அலை, எனக்கு மூன்று அலை என்று முறை.

அந்த வெள்ளிக்கிழமை என் முறைக்குப் பலகைமேல் படுத்துக் கையால் துழாவிப் போய்ச் சேர்ந்தால், நாலு பலகை தள்ளி எங்கள் கட்டிட சைட்டின் புராஜெக்ட் மேனேஜர் மிதந்துகொண்டிருக்கிறார். வெள்ளைக்காரர். எப்போதும் ஹெல்மெட்டோடு பார்த்த மனிதரை அரைக்கால் டிரவுசரில் பார்த்தும், என் கை தானாக நெற்றிக்குப் போனது. "குட்மார்னிங் சார்" என்றேன். தலையாட்டினார்.

என் லீவு மனு அவர் மேஜையில் இருந்தது. நான் விமானம் ஏறும்போது மனைவிக்கு மூன்று மாதம். இப்போது மகளுக்கு எட்டு மாதம், நான் பார்த்ததில்லை. காண்ட்ராக்ட்படி இரண்டு வருடம் முடிந்தால்தான் லீவு. அதற்கு முன்னால் போக அவர் கையெழுத்து வேண்டும். மனு கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

தண்ணீருக்குள் ஒரு சட்டம் உண்டு. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ, அலை அவருடையது. முதலாளி, தொழிலாளி கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சாரப்பலகையில் அவர் எதிரே வந்தால் ஒதுங்கி நின்றே பழகிய உடம்பு இது. முதல் நல்ல அலை எனக்குத்தான் வந்தது. ஒதுங்கி, "யூ கோ சார்" என்றேன்.

அவர் போனார். எழுந்தார். குப்புற விழுந்தார்.

மனிதருக்கு இது அவ்வளவாக வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது. புத்தியுள்ளவன் அத்தோடு நிறுத்தியிருப்பான். நான் லீவு வேண்டியவன். அடுத்ததையும் கொடுத்தேன். அதற்கடுத்ததற்குப் பக்கத்திலிருந்தவர்களையும் கைகாட்டி நிறுத்தி, டிராஃபிக் போலீஸ்போல வழி ஒழுங்கு செய்தேன். இருபது பேர் வேடிக்கை பார்க்க ஐந்தாம் முறையும் விழுந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற அண்ணன் பொறுக்காமல் குரல் கொடுத்தார்.

"ஏப்பா, அந்த மனுசன் உப்புத்தண்ணி குடிச்சே செத்துருவாரு. விட்டுருப்பா."

ஆறாவது அலைக்கு நான் ஒதுங்கியபோது மேனேஜர் நகரவில்லை. கண் சிவந்திருந்தது. உன் அலையை நீ எடு என்று, சைட்டில் கேட்கும் அதே குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். உத்தரவாயிற்றே, எடுத்தேன். கரைவரை விழாமல் வந்தேன். அந்தப் பத்து நொடியில் மனுவும் நினைவில்லை, மகளும் நினைவில்லை. இறங்கியதும் அதற்காக வெட்கமாக இருந்தது.

பின்னாலேயே அவரும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையேறினார். எதற்காகத் தனக்கு இத்தனை அலை விட்டுக்கொடுத்தேன் என்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை. லீவுக்காக என்றேன். சிரித்துவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலமே கையெழுத்துப் போட்டு, வேலை முடிந்து போகிறவர்களைக் குறித்துக்கொள்ளும் டைம்கீப்பரிடம் கொடுத்துவிட்டாராம். வியாழக்கிழமை சாயங்காலம் நான் எங்கே போனேன்? காற்று எப்படி அடிக்கிறதென்று பார்க்க, டியூட்டி முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே சைட்டிலிருந்து நழுவியிருந்தேன். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அண்ணனும் கரையேற, அவர் சட்டைக்குள் சுற்றி வைத்திருந்த மொபைலை வாங்கி, ஈரக்கையோடு ஊருக்கு அடித்தேன். வெள்ளிக்கிழமைகளில் நான் துணி துவைத்துக்கொண்டிருப்பதாகத்தான் மனைவிக்குத் தெரியும்.

"லீவு கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் வர்றேன்."

 அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் நாகரிகமாகக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"வந்ததும் தூக்கிறாதீங்க," என்றாள் அவள். "புது ஆளப் பார்த்தா பயந்து அழுவா. கொஞ்சம் தள்ளி உக்காந்திருங்க. அவளா வருவா."

"சரி" என்றேன்.